பக்கத்து மேஜையில் கேட்காத கேள்வி

அந்த வியாழக்கிழமை என் பக்கத்து மேஜைக்காரர் தன் ஃபைல்களை எல்லாம் கொண்டுவந்து என் மேஜையில் அடுக்கினார். மொத்தம் 14. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் சீட்டு. அடுத்த விசிட் எப்போது, யாரிடம் பேச வேண்டும், எந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று தன் பொடிக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். "லீவுல போறேன், எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார். எட்டு வருஷமாக அவர் மேஜையில் எதைத் தேடினாலும் கிடைத்ததில்லை. "என்ன அண்ணா, திடீர்னு இவ்வளவு ஒழுங்கு?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். போகும்போது தன் ஸ்டேப்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இதை நீயே வச்சுக்கம்மா."

குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு அப்போது 11 வருட அனுபவம். ஒரு பயனாளி இப்படிப் பாக்கி வேலையை எல்லாம் முடித்து, தன் பொருளை அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் அன்றே அவரோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேஜையில் நடந்ததால் அது எனக்கு நல்ல நிர்வாகமாகத் தெரிந்தது. ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. போன் செய்தேன். அந்தப் பேச்சைப் பிறகு சொல்கிறேன். அவர் இன்று நன்றாக இருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று வெளியே தினமும் கேட்கிற கேள்வியை அலுவலகத்துக்குள், சக பணியாளரிடம், எப்படிக் கேட்பது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன வலிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அதனால் எல்லாவற்றுக்கும் 'ரெண்டு நாள் லீவு போடு' என்பதே மருந்தாகிவிடுகிறது.

பணிச்சோர்வு ஒன்று. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் அதை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். உணர்வு வறண்டுபோவது, எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் கேஸ் நம்பராகத் தெரிவது, எதைச் செய்தும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது ஆகியவை அதன் அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல் பணியிடம் சார்ந்த ஒரு நிலை என்றே வகைப்படுத்தியது. நோயாளியைத் தேடுவதை விட்டுவிட்டு வேலையின் அளவைப் பாருங்கள் என்பது அதன் அர்த்தம். என்னைக் கேட்டால் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்து மேலாளர்களின் அறையில் ஒட்டுவேன்.

இரண்டாம் நிலை மனக்காயம் வேறு. அடுத்தவருக்கு நடந்ததைக் கேட்டுக் கேட்டு நமக்கு வருவது. சார்லஸ் ஃபிக்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995-ல் இதைப் பற்றி எழுதியபோது இரக்கச் சோர்வு என்ற பொருளில் ஒரு சொல்லைப் பரப்பினார். 2013-ல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5, கொடுமைகளின் விவரங்களை வேலை காரணமாகத் திரும்பத் திரும்பக் கேட்பதும் பார்ப்பதும்கூட பிடிஎஸ்டி எனும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறுக்குக் காரணமாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. எனக்கு வந்தபோது அது ஒரு சத்தமாக வந்தது. ஒரு குழந்தையின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து முடித்த வாரம் அது. வீட்டில் யாராவது பக்கெட்டில் தண்ணீர் பிடித்தால் என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. வேலை அப்போது அதிகமில்லை. நாலு நாள் லீவு எடுத்தேன். நாலு நாளும் குழாய்ச் சத்தத்தோடுதான் போனது.

மூன்றாவதை நான் அறக்காயம் என்பேன். அந்தக் குழந்தையை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று தெரியும், இடமில்லை என்று மேலே மறுத்துவிட்டார்கள், திரும்ப அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்கிற வகை. இது களைப்போ பயமோ இல்லை, குற்றவுணர்ச்சி. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால் கோபம்தான் வரும்.

வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு சின்னக் கேள்வி: வேலைப்பளு பாதியானால் இது பாதியாகுமா? ஆமாம் என்றால் சோர்வு. குறையாது, அந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மனக்காயத்துக்குச் சிகிச்சை தெரிந்த ஒருவரைப் பார்க்க வேண்டும். இந்தச் சோர்வையும் இரண்டாம் நிலை மனக்காயத்தையும் அளந்து பார்க்கும் புரோகால் என்ற 30 கேள்வித் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. அது நோயைக் கண்டுபிடிக்காது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பி, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. தயவுசெய்து அதை மேலாளரிடம் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பொய்தான் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

எதைக் கவனிப்பது

தற்கொலையை ஆராய்ந்த உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-ல் முன்வைத்த கோட்பாடு இங்கே எனக்கு உதவுகிறது. நான் யாரோடும் சேர்ந்தவன் இல்லை, எல்லோருக்கும் பாரம் என்ற இரண்டு நினைப்பும் சேரும்போது சாகும் ஆசை வருகிறது என்கிறார். வலியும் மரணமும் பழகிப்போய் பயம் விட்டுப்போவதை மூன்றாவதாக வைக்கிறார். நம் வேலையில் அந்தப் பழக்கம் சம்பளத்தோடு வருகிறது. அதனால் "அவர் தைரியசாலி, எத்தனை பார்த்திருப்பார்" என்பது எனக்கு ஆறுதலாக இருப்பதில்லை.

அலுவலகத்தில் நான் பார்க்கும் அடையாளங்கள் புத்தகத்தில் இருப்பவைபோல இருக்காது. நீளமாகக் கேஸ் நோட்ஸ் எழுதுகிறவர் 'விசிட் செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் முடிப்பார். யாரும் எடுக்கத் தயங்கும் கேஸ்களை வரிசையாகக் கேட்டு வாங்குவார். குழுக் கூட்டத்தில் எப்போதும் சண்டை போடுகிறவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார். "நான் இல்லாட்டியும் இங்க எல்லாம் ஓடும்", "நான் எல்லாருக்கும் தொந்தரவா இருக்கேன்" என்பவை சாதாரணப் பேச்சுபோல வந்து விழும். பல வாரம் இருண்டிருந்த முகம் காரணமில்லாமல் திடீரென்று தெளிந்தால், நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அப்புறம், ஸ்டேப்ளர்.

இதில் நம் பேச்சுவழக்கே ஒரு இடைஞ்சல். "செத்துடலாம் போல இருக்கு" என்பதை மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கும் சொல்கிறோம், தலைவலிக்கும் சொல்கிறோம். அதனால் உண்மையாகச் சொல்கிறவரின் வாக்கியமும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் அப்படிச் சொன்னாலும், சிரித்துக்கொண்டே சொன்னாலும், தனியாகப் பிடித்து, "காலையில சொன்னீங்களே, அது பேச்சுக்கா, நிஜமாவா?" என்று கேட்பேன். பத்தில் ஒன்பது பேர் "ஐயோ, பேச்சுக்குத்தான்" என்பார்கள். கேட்டதற்காக இதுவரை யாரும் கோபித்ததில்லை.

எப்படிக் கேட்பது

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. இதை ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பதே திரும்பத் திரும்ப வந்த முடிவு. பலருக்குக் கேட்டதே கொஞ்சம் இறக்கி வைத்ததுபோல இருக்கிறது.

கேட்கும் விதம்தான் சிக்கல். தமிழில் நாம் வழக்கமாகக் கேட்பது இப்படி: "தப்பா எதுவும் யோசிக்கலையே?" அந்த 'லையே'யில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லை என்று சொல், நான் நிம்மதியாகப் போகிறேன் என்று கெஞ்சுகிற கேள்வி அது. 'தப்பா' என்ற சொல் இன்னும் மோசம். மனதில் அந்த எண்ணம் இருப்பவர் ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கிறார், நாம் தீர்ப்பும் கொடுத்துவிடுகிறோம். 'விபரீத முடிவு', 'கோழைத்தனம்' எல்லாம் இதே ரகம். 'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கொலை உட்கார்ந்திருக்கிறது. அதை ஒதுக்கவும் முடியாது, அதுதான் எல்லோருக்கும் புரியும் சொல். நான் முடிந்தவரை 'தற்கொலையால் இறந்தார்' என்று எழுதுகிறேன், 'செய்துகொண்டார்' என்று எழுதுவதில்லை.

நான் சொல்லிக்கொடுக்கும் வாக்கியத்துக்கு இரண்டு பாதி. கண்ணால் கண்டதை முதலில் சொல்லுங்கள், பிறகு நேராகக் கேளுங்கள். "மூணு வாரமா யார் கூடவும் பேசலை, நேத்து உங்க ஃபைலெல்லாம் பிரிச்சுக் கொடுத்தீங்க. இப்படி இருக்கிற சில பேருக்கு உயிரை விட்டுடலாம்னு தோணும். உங்களுக்குத் தோணுதா?" அவ்வளவுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வருகிற மௌனம் நமக்கு நீளமாகத் தெரியும். அதை நிரப்ப நாம் பேசுகிற எதுவும் அவருக்குத் தப்பிக்க ஒரு கதவு. நடமாட்டமுள்ள இடத்தில் கேட்காதீர்கள். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டும் கேட்காதீர்கள்.

அன்றைக்கு எனக்கு இந்த நிதானம் எதுவும் இல்லை. இரவு பத்தரை மணி.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஃபைலைக் கொடுத்தீங்க, ஸ்டேப்ளரைக் கொடுத்தீங்க. சாகணும்னு நினைக்கிறீங்களா?"

மறுமுனையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஃபேனில் ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று தட்டும். பதினைந்தோ இருபதோ எண்ணியிருப்பேன்.

"நீ இப்படிக் கேட்டுடக் கூடாதுன்னுதான் லீவுன்னு சொன்னேன்."

ஆமாம் என்று சொன்னால்

அறிவுரை வேண்டாம். பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க என்பதும் வேண்டாம். பிள்ளைகளை நினைத்துத்தான் தன்னைப் பாரம் என்று முடிவு செய்திருப்பார். "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேளுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ஆறு கேள்வி வரிசை நம்மில் பலருக்கு மனப்பாடம். எழுந்திருக்காமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறதா, உயிரை விடும் எண்ணமே வருகிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா, செய்யும் உத்தேசம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா, ஏற்கெனவே ஏதாவது செய்தோ ஆயத்தமாகியோ இருக்கிறாரா. கீழே போகப் போக ஆபத்து கூடுகிறது. உத்தேசமோ திட்டமோ இருந்தால், அண்மையில் எதையாவது செய்ய முனைந்திருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. அவசர மருத்துவ உதவிக்குக் கூட்டிப்போக வேண்டும், அன்றைக்கே.

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்க உயிருக்குத் தேவையான அளவுக்கு மட்டும், தேவையான ஆள்கிட்ட மட்டும் சொல்வேன், உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது நியாயமான வாக்கு. முடிகிற இடத்தில் எல்லாம் முடிவை அவர் கையிலேயே விடுங்கள். ஆனால் தேர்வுகள் எல்லாமே பாதுகாப்பானவையாக இருக்கட்டும். அன்றிரவு நான் கேட்டது, "அண்ணியை நீங்க எழுப்புறீங்களா, இல்ல நான் அவங்க நம்பருக்குப் போட்டு எழுப்பட்டுமா?" அவரே எழுப்பினார். அண்ணி வந்து போனை வாங்கும் வரை நான் வைக்கவில்லை. காலையில் மூன்று பேரும் மருத்துவரிடம் போனோம்.

அடுத்து, பாதுகாப்புத் திட்டம்: நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள். உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் 2012-ல் வெளியிட்ட ஆறு படி வடிவம் ஒரே தாளில் அடங்கும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் திட்டத்தையும் தொடர் போன் அழைப்புகளையும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. இதை நாம் பயனாளிகளுக்கு வாரம் ஒன்று எழுதுகிறோம். அதனாலேயே சக பணியாளருக்கு எழுதும்போது தாள் பாழாகிறது. படிவத்துக்கு எது சரியான பதில் என்று அவருக்குத் தெரியும். "எச்சரிக்கை அறிகுறி: மனச்சோர்வு. சமாளிக்கும் வழி: நடைப்பயிற்சி." மதிப்பெண் போடலாம், வேறு எதற்கும் உதவாது.

நானும் அவரும் மருத்துவமனை வராந்தாவில் இரண்டாவது முறை எழுதியபோதுதான் அது அவருடைய தாளாக ஆனது. எச்சரிக்கை அறிகுறி: 'ஞாயிறு சாயங்காலம் விசிட் பட்டியலைத் திறந்து, படிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது.' தானாகச் செய்யக்கூடியது: 'பழைய ரேடியோவைப் பிரித்துத் துடைப்பது. பாடாவிட்டால் பரவாயில்லை.' கவனத்தைத் திருப்ப மனிதர்கள் இருக்கும் இடம்: 'நூலகத்தில் பேப்பர் படிக்கும் மேஜை.' உதவி கேட்க ஆள்: அண்ணி, நான், அவர் தம்பி, இந்த வரிசையில். பிறகு மருத்துவரும் உதவி எண்ணும். கடைசிப் படியில்தான் தயக்கம் வரும்: எந்த வழி மனதில் ஓடுகிறதோ அது கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும், வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பெடுக்க வேண்டும். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்துவதற்குத்தான் இந்தத் தூரம். இந்தப் படியைத் தாளில் எழுதுவதோடு விடாமல் அன்றே செய்து முடியுங்கள்.

இன்னொரு விஷயம் யாரும் யோசிப்பதில்லை. நாம் பயனாளிகளை அனுப்பும் அதே மனநல மையத்துக்கு நம் ஆளையும் அனுப்பினால், காத்திருப்பு நாற்காலியில் அவருடைய பயனாளியே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வரவேற்பில் இருப்பவருக்கு அவரைத் தெரியும். ஒருமுறை போய்விட்டு அப்புறம் போகமாட்டார். வேறு இடத்தில் இரண்டு பெயர் முன்கூட்டியே தேடி வையுங்கள். ஆபத்து வந்த பிறகு தேட நேரமிருக்காது.

பயனாளி இறந்தால், அல்லது பணியாளர் தாக்கப்பட்டால்

இது மேற்பார்வையாளர்களுக்கு.

என் பயனாளி ஒருவர் தற்கொலையால் இறந்த காலையில், அன்று நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "கேஸ் நோட்ஸ் அப்டேட்டா இருக்கா?" இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என் மண்டையில் எத்தனையோ வருஷம் கிடந்தது. முதல் வாக்கியத்தில் ஃபைல் வரக் கூடாது. "எங்க இருக்கீங்க, பக்கத்துல யார் இருக்கா, வீட்டுக்கு எப்படிப் போறீங்க?" போதும். விசாரணையும் மறுஆய்வும் நடக்கத்தான் வேண்டும். அதை வேறொரு நாளில், வேறொருவர் நடத்தட்டும். ஆறுதல் சொன்ன வாயே அடுத்த நாள் குறுக்கு விசாரணை செய்தால் இரண்டும் கெடும்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லும் கூட்டமும் வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே அமர்வில் முடியும் அந்த வகைக் கூட்டங்கள் பின்னாளில் பிடிஎஸ்டி வருவதைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குக் கெடுதலாகவும் போகலாம் என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பின் மறுஆய்வு 2002-லேயே சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு எளிமையானது: பார், கேள், இணை. பேச விரும்புகிறவர் பேசட்டும். விரும்பாதவருக்குத் தண்ணீரும் வீட்டுக்குப் போக வண்டியும் போதும்.

அன்றைய மீதி விசிட்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது பிரித்துக் கொடுங்கள். "முடிஞ்சா போங்க" என்று சொன்னால் நம் ஆட்கள் போய்விடுவார்கள். சாவு, குழந்தை வதை போன்ற கேஸ்கள் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து விழாதபடி ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஒரு பென்சில் குறி வையுங்கள். இதற்குச் செலவே கிடையாது, ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை.

சூப்பர்விஷனைப் பற்றி ஒன்று. சமூகப்பணிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் அதற்கு நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு என்று மூன்று வேலை சொன்னார். நேரம் குறைந்தால் முதலில் பறிபோவது மூன்றாவதுதான். அதனால் நான் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன். முதல் இருபது நிமிடம் ஃபைல் திறப்பதில்லை. "இந்த மாசம் எந்தக் கேஸ் வீட்டுக்குக் கூடவே வந்துச்சு?" என்று ஒரே கேள்வி. ஆரம்பத்தில் எல்லோரும் "ஒண்ணும் இல்லை" என்றார்கள். நான் என் பக்கெட் கதையைச் சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

இதைப் படிப்பவரே அந்த நிலையில் இருந்தால்

நீங்கள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த தாள் உங்களுக்கும் பொருந்தும். தானாகச் செய்யும் படிகளைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் நாலாவது படிக்குப் போங்கள், ஒருவரை அழையுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இதை அப்படியே அனுப்புங்கள்: "எனக்கு உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுது. இப்போ தனியா இருக்கக் கூடாது. வர முடியுமா?" உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண் உங்கள் பையில் துண்டறிக்கையாக இருக்கும், கைபேசியில் இருக்காது. இப்போதே சேமியுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண்தான்.

வேலை போய்விடுமே, 'இவரே இப்படி' என்பார்களே என்ற பயம் உண்மையானது. மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "மருத்துவக் காரணத்துக்காக விடுப்பு, இத்தனை நாள், இன்ன கேஸ்களை இன்னாருக்கு மாற்றவும்" என்பதே போதும். மீதியை யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

திரும்பி வந்த பிறகு

சிகிச்சை முடிந்து திரும்புகிறவரை அலுவலகம் இரண்டு விதமாக நோகடிக்கிறது. கண்ணாடிப் பாத்திரம்போல ஒரு கேஸும் கொடுக்காமல் உட்கார வைப்பது ஒன்று. முதல் நாளே பழைய 14-ஐயும் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. எத்தனை கேஸ், எந்த வகை வேண்டாம் என்று அவரிடமே கேட்டு எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எங்கள் அண்ணன் மூன்று கேஸில் ஆரம்பித்தார். ஒரு வருடம் கழித்துப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொடர்பை விட்டுவிடாதீர்கள். ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போய்த் தொடர் சிகிச்சையை ஏற்காதவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து வருடம் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்ப வைத்தார். நலமாக இருக்கிறீர்களா, எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்கிற அளவுதான். எதையும் கேட்கவில்லை, எதற்கும் கூப்பிடவில்லை. கடிதம் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், முக்கியமாக முதல் இரண்டு வருடங்களில், அவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

இதைப் படித்த பிறகு மாதத்தின் முதல் திங்களை நாள்காட்டியில் குறித்துக்கொண்டேன். அண்ணனுக்கு ஒரு வரி அனுப்புவேன். மருந்து சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்றெல்லாம் கேட்பதில்லை. "ரேடியோ பாடுதா?" என்பேன். சில மாதம் பதில் வராது. சில மாதம் கரகரவென்று ஏதோ ஒரு நிலையத்தைப் பதிவுசெய்து அனுப்புவார். போன முறை, "அந்த ஸ்டேப்ளர் என்ன ஆச்சு?" என்று கேட்டார். பின் தீர்ந்துவிட்டது, அண்ணா, நீங்கள்தான் வாங்கித்தர வேண்டும் என்று பதில் போட்டேன்.